பாதியில் நின்ற செபமாலை

அன்புள்ள அருள்ராணிக்கு, புனேயிலிருந்து சந்தனராஜ் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் அம்மாவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாதா துணை செய்யட்டும்.

என் போன் ஸ்விட்ச் ஆஃப் என்றே வருவதால் பயந்திருப்பாய். அன்று சாயங்காலம் வழக்கம்போல நீ வீட்டிலிருந்து போனில் "அருள் நிறைந்த மரியே" சொல்ல, நான் மெஸ்ஸில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டே பதில் சொன்னேன் அல்லவா. குனிந்தபோது சட்டைப்பையிலிருந்து போன் அண்டாவுக்குள் விழுந்துவிட்டது. எனக்குக் காயம் ஒன்றும் இல்லை.

நம்ம திருமயத்து மாஸ்டர், "சாம்பார் கெடக்கட்டும்யா, மொதல்ல வீட்டுக்குப் பேசு" என்று தன் போனை நீட்டினார். வாங்கிக்கொண்டு விழித்தேன். என் போனில் உன் படத்தைத் தொட்டுத்தானே இத்தனை வருஷமும் பேசினேன். உன் நம்பர் எனக்குத் தெரியவில்லை. ஆவூர் விலாசம் மட்டும்தான் மனப்பாடம்.

மாஸ்டர் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கூப்பிட்டதும் முதலில் உன் நம்பரை மெதுவாகச் சொல், அடுப்படிச் சுவரில் எழுதிக்கொள்கிறேன். பருப்பு வெந்துவிட்டது, முடிக்கிறேன்.

செபமாலையை விடவில்லை. நீ சொல்வதையும் நானே சொல்லி, பதிலும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்
சந்தனராஜ்