கேலியை விட்ட தவக்காலம்

மார்ச் 3, திங்கள்
குடோனில் என்கூட வேலை பார்க்கும் கருப்பாயிக்கு இன்று ஸ்கேன் ரிசல்ட். ஆஸ்பத்திரியில் ஒரே கூட்டம். அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். கர்ப்பப்பையில் கட்டி, பயப்படும்படியானது இல்லை, ஆனாலும் ஆபரேஷன் பண்ணி எடுத்துவிட வேண்டும், பதினேழாம் தேதி அட்மிட் ஆகட்டும் என்றார் டாக்டரம்மா.
வெளியே வந்து, "சாதாக் கட்டிதான்டி. இம்புட்டு வருசமா நீ முழுங்குன பொறாமையெல்லாம் உருண்டு கெடக்காம்" என்றேன். அடிக்க வந்தாள். சிரித்தும்விட்டாள்.

மார்ச் 4, செவ்வாய்
மருமகள் ரூபியின் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். "கறியக் கழுவுன தண்ணியத்தான் ஒங்க தங்கச்சி கொழம்புன்னு ஊத்துறா" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ரூபி அடுப்படியில் அழுதிருக்கிறாள். மகன் சொன்ன பிறகுதான் தெரியும். எங்கே நிறுத்துவது என்று ஐம்பத்திரண்டு வயசிலும் தெரியவில்லை.

மார்ச் 5, விபூதிப் புதன்
கறியை விடுகிறேன் என்று வருசா வருசம் சொல்கிறேன். அதில் என்ன தியாகம்? இந்தத் தவக்காலம் கேலியை விடுகிறேன் ஆண்டவரே, ஈஸ்டர் வரைக்கும் யாரையும் ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டேன், எனக்கு ஞானத்தைக் கொடும் என்று முழங்காலில் நின்று கேட்டேன்.

மார்ச் 7
குடோன் மேஸ்திரி தலைக்கு மை பூசி, காதுக்கும் சேர்த்துப் பூசி வந்தார். வாயைப் பொத்திக்கொண்டேன்.

மார்ச் 13, வியாழன்
வெங்காயக் குடோனில் நானும் கருப்பாயியும் எதிரெதிரே உட்கார்ந்துதான் வெங்காயத்தின் காய்ந்த தாளைக் கிள்ளுவோம். ஒரு வாரமாக, "சாப்பிட்டியா, ஒடம்பு பரவாயில்லையா" என்று மரியாதையாகத்தான் கேட்கிறேன். அவள் என் முகத்தையே பார்க்கிறாள்.

மார்ச் 16, ஞாயிறு
பூசை முடிந்து வந்தால் கருப்பாயி மகள் மாலதி வாசலில் நிற்கிறாள்.
"அத்தே, அம்மா நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வராதாம். புத்துநோயாம்ல? ஏன் மறைச்சீங்க?"
"எவடி சொன்னது?"
"யாரும் சொல்லல. அம்மாதான் 'இஞ்ஞாசி பத்து நாளா என்னையக் கேலி பண்ணல. உள்ள போயி என்னமோ கேட்டுட்டு வந்திருக்கா. சாகப்போறவள எதுக்கு அறுக்கணும்'ங்குது."
அய்யோ. ஞானம் கொடும் என்றுதானே கேட்டேன். கொடுக்கும் வரை பொறுக்காமல் வாய்க்குப் பூட்டை நானே போட்டுக்கொண்டேனா? ஆண்டவருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் பாவம். மீறாமல் இவள் செத்தால் - அது என்ன?
கொஞ்ச நேரம் முழங்காலில் நின்றேன். எழுந்து அவள் வீட்டுக்குப் போனேன்.
கருப்பாயி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "ஏடி, சாகுறவ அந்தப் பச்சச் சேலைய எனக்கு எழுதி வச்சிட்டுச் சாவு. நீ கட்டுனா வாழ மரம் நடந்து வார மாதிரி இருக்கு" என்றேன்.
சடாரென்று திரும்பினாள். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லயா?"
"இருந்தா இப்படிப் பேசுவனா, கட்டையில போறவளே."
அழுதாள். அப்புறம் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தாள்.

மார்ச் 17
அட்மிட் ஆகிவிட்டாள்.

மார்ச் 18, செவ்வாய்
ரூபியைக் கூப்பிட்டு, விருந்தாளி முன்னால் அப்படிப் பேசியது தப்பு என்றேன். "நம்ம ரெண்டு பேரு மட்டும் இருக்கையில கேலி பேசுங்க அத்தே. நானும் பேசுறேன்" என்றாள். பேசுவாள் போலத்தான் இருக்கிறது.

மார்ச் 21, வெள்ளி
ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். வார்டுக்குள் நுழைந்ததுமே கருப்பாயி கையை நீட்டித் தடுத்தாள். "சிரிக்க வச்சிராதடி, தையல் இழுக்குது."
சரி என்று கட்டில் ஓரமாக உட்கார்ந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. குடோனில் பார்த்த மாதிரி அவள் என் முகத்தையே பார்க்கவும் இல்லை; கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.