சன்னலடி பெஞ்சு

திருவொற்றியூர்
9.7.2001

அன்புள்ள ரமாபாய்க்கு,

"நான் குந்த இந்த வூட்ல எடம் கீதாய்யா?" என்று கேட்டுவிட்டு நீ மாத்தூரில் மகள் வீட்டுக்குப் போய் நாற்பது நாளாகிறது.

சன்னலை மறைத்திருந்த செய்தித்தாள் கட்டுகளை ஆண்டு வாரியாக இறக்கி, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். "இன்னா நைனா, வூட்ட காலி பண்ணிக்கினு போறியா?" என்று சிரித்தார். பிறகு சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். இப்போது மதியத்தில் கடற்காற்று உள்ளே வருகிறது. வெள்ளைச் சுவரில் வெளிச்சம் தண்ணீர்போல் அசைகிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்து நேற்று சோறு வடிக்க மறந்துவிட்டேன்.

ராயபுரத்தில் துறைமுகச் சரக்குப் பெட்டி உடைத்த பலகை வாங்கி, சன்னலடியில் ஒரு பெஞ்சு செய்திருக்கிறேன். மூன்று முறை அளந்தும் ஒரு கால் குட்டையாகிவிட்டது. அட்டை மடித்து வைத்திருக்கிறேன். போதுமா என்று தெரியவில்லை.

இருவர் உட்காரலாம். காலி இடத்தைக் கண்டால் நான் ஏதாவது கட்டு கொண்டுவந்து வைத்துவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். இடது பாதியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வலது பாதியில் இதுவரை எதையும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்