பச்சை மை

அன்புள்ள அம்மா,

கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதே. நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

ஆபீஸில் ஒரு சின்னக் கூத்து. இங்கே பல கம்ப்யூட்டர் டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து, பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் வைப்போம். எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று மெஷின் ரூம் கதவில் தாள் ஒட்டியிருக்கும். எண்ணை மாற்றுகிறவன் அதிலும் திருத்த வேண்டும். இன்று காலை தாளில் 'மூன்று காலி' என்றிருந்ததைப் பார்த்து மூன்றாம் எண் பகுதியை அழித்தேன். அதில் ஒரு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே படங்கள் இருந்தன. நல்லவேளை, காப்பி இருந்தது.

மேனேஜர் கத்தினார். என் ரூம்மேட் பக்கத்திலேயே நின்றுகொண்டு, "போன திங்களே நான் நம்பரை மாத்தி, தாள்லயும் எழுதிட்டேன் சார். இவன்தான் பாக்கல" என்றான். உன்னை அம்மா என்று கூப்பிடுகிற அதே வாயால்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். திருத்தம் இருந்தது, திங்கட்கிழமை தேதியோடு, பச்சை மையில். நீ அனுப்பிய பச்சைப் பேனா நேற்றுத்தானம்மா வந்தது. படங்கள் அழிந்த பிறகு அவன் அந்தப் பேனாவை, "கொஞ்சம் குடுடா" என்று கேட்டான். நான்தான் கொடுத்தேன்.

பஸ் வந்துவிட்டது. அவனுக்கும் சேர்த்துத் தலையணை உறை தைப்பதாகச் சொன்னாயே, ஒன்று போதும்.

உன் மகன்