வாசிக்கும்போது மட்டும் சுருண்ட விரல்

கல்மண்டபத்தில் சைக்கிள் கடைக்காரர் பழைய டியூபை வெட்டிக்கொண்டிருந்தார். அந்த ரப்பர் வாசனை மூக்கில் ஏறியதும் நீதான் வந்து நின்றாய், தோஸ்து. செத்தும் என்னை விடமாட்டேன் என்கிறாய். அஞ்சாங்கிளாஸ் தாண்டாதவன் நான், மெதுவாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள், உனக்குத்தான் வாசிக்கப் போக இனி எந்தக் கல்யாணமும் இல்லையே.

நம் பேண்டில் நான் டிரம்மு, நீ கிளாரினெட்டு. ராயபுரத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் உன்னைத்தான் கேட்பார்கள். உலகச் சண்டை முடிந்த வருஷம் ஒரு ஊர்வலத்தில், பாட்டு நடுவில், உன் வலக்கை மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைப் பக்கம் சுருண்டுகொண்டன. கீச்சென்று ஒரு சத்தம்.

"இன்னா நைனா, மாப்ளய பாத்து வெக்கமா?" என்றேன். நீ சிரிக்கவில்லை.

வலி கிடையாது. வாத்தியத்தைக் கீழே வைத்தால் விரல் நேராகிவிடும். சட்டைக்குப் பித்தான் போடுவாய், மீனில் முள் எடுப்பாய். கிளாரினெட்டைத் தொட்டால் சுருளும்.

டாக்டரிடம் போனோம். கல்யாண வாத்தியத்தை நோயாளிகள் நடுவே கொண்டுபோகக் கூடாது என்பது பேண்டுக்காரர் வழக்கம், அதனால் வீட்டிலேயே விட்டுவிட்டோம். டாக்டர் தன் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மனுஷன் முகம் சுளிக்கப் பிடித்தாய். "கை நல்லாத்தானேப்பா இருக்கு?" என்று அனுப்பிவிட்டார். பேண்டு மாஸ்டர் அதையே பிடித்துக்கொண்டார். "டாக்டரே சொல்ட்டாரு. தலக்கனம் ஏறிப்போச்சு, நடிக்கிறான்."

மறுபடி போனபோது கிளாரினெட்டை லுங்கியில் சுற்றி நானே தூக்கிவந்தேன். "தோஷம் என் மேல வர்ட்டும், எனக்கு இன்னா புச்சா கல்யாணமா?" என்றேன். நீ ரெண்டு வரி வாசித்தாய், விரல் சுருண்டது. டாக்டர் எழுந்துவந்து குனிந்து பார்த்தார். நிறுத்து என்றார், நேரானது. வாசி என்றார், சுருண்டது.

"நீ வேணும்னு செய்யலை. வாசிக்கிறப்ப மட்டும் நரம்பு உன் பேச்சைக் கேக்கலை. இதுக்கு மருந்து எனக்குத் தெரியாது. கொஞ்ச காலம் வாசிக்காம இரு."

"இதுக்குப் பேரு இன்னா சார்?" என்று கேட்டாய்.

"தெரியலைப்பா."

மழைக்காலம் முழுக்க நீ அதைத் தொடவில்லை. தொட்ட அன்றே பழைய கதை. நான் விளையாட்டாக சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி உன் மோதிரவிரலில் மாட்டினேன். "வெரலுக்கு சொக்கா போட்டுக்கினா குளிராது." விரல் நேராக நின்றது! ஒரு பாட்டு முழுசாக வாசித்தாய். நான் டிரம்மைப் போட்டுவிட்டு ஆடினேன்.

மாஸ்டர் உன்னைத் திருவொற்றியூர் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டார். தேரடி வரைக்கும் நன்றாக வந்தோம். அங்கே வளையத்தோடு சேர்ந்தே விரல் சுருண்டது. கூட்டம் ஊளையிட்டது. பிறகு எந்த விரலில் மாட்டியும், துணி சுற்றியும், ஒன்றும் நடக்கவில்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனாய். அதுவே உனக்கு எதிராகச் சாட்சி சொன்னது. "மூட்ட தூக்குற கைக்கு கொயலு கனமாக்கீதா?" என்று மாஸ்டர் நடுத்தெருவில் கேட்டார்.

கடைசிக் காய்ச்சலில் கிடந்தபோது என்னைக் கேட்டாய், "நான் நடிக்கலன்னு அந்த டாக்டருக்குத் தெர்யும் இல்ல?"

"தெர்யும்டா."

"ஒரு பேரு மட்டும் சொல்லிருந்தா போதும். அத்த சொல்லிக்கினு சும்மா குந்தினு இருந்திருப்பேன்."

இப்போதும் கல்யாணங்களில் உன் பேச்சு வரும். நல்ல கைதான், நடிச்சே கெட்டான் என்பார்கள். ஊரையே கிண்டலடிக்கிற நான் அங்கே ஒரே வார்த்தைதான் சொல்வேன். "நோவுதான்" என்கிறேன். "இன்னா நோவு?" என்று கேட்கிறார்கள். டிரம்மு வாரை இறுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்துவிடுகிறேன்.