நீல விளக்கின் அடியில் நாற்பத்தொரு பேர்

என்னங்க,

நேற்று என் நீல விளக்குகளுக்கு அடியில் நாற்பத்தொரு பேர் குறட்டை விட்டார்கள். அதில் மூன்று பேர் கலை விமர்சகர்கள்.

மஞ்சள் காமாலைக் குழந்தைகளை முப்பது வருஷம் கண்ணைக் கட்டி நீல வெளிச்சத்தில் கிடத்திய நர்ஸின் கை சும்மா இருக்குமா? என் ஒளிக்கலைக் கண்காட்சிக்கு வந்தவர்களைப் படுக்கவைத்ததும், பழக்கதோஷத்தில் எல்லோர் கண்ணிலும் பஞ்சை வைத்துக் கட்டிவிட்டேன். ஒளியைப் பார்க்கவே விடாத ஒளிக்கலை பெரும் புரட்சியாம்! தூங்கி எழுந்த விமர்சகர் ஒருவர் கண்கலங்கிச் சொன்னார்.

சாப்பாடு அடுப்பு மேல் இருக்கிறது. சாவி செருப்பு அலமாரிக்குள்.

மகள் நாலு மணிக்கு வருவாள். "உங்கம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு, வந்து நிறுத்தும்மா" என்று நீங்கள் போனில் சொன்னது காதில் விழுந்தது. அவளையும் கூட்டிக்கொண்டு கண்காட்சிக்கு வாருங்கள். பார்த்த பிறகும் நிறுத்தச் சொன்னால், இன்றோடு விளக்குகளைக் கழற்றிவிடுகிறேன்.

பி.கு.: பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கோபத்தில் மறக்க வேண்டாம்.

(சீட்டின் அடியில், கணவரின் கையெழுத்தில்)

வந்தோம். நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ பஞ்சை வைத்தது வரைதான் ஞாபகம். என் குறட்டையில் மற்ற எல்லோரும் எழுந்துவிட்டார்களாம், மகள் சொல்கிறாள். விளக்குகளைக் கழற்ற வேண்டாம். நேரில் சொல்ல வாய் வராது, அதனால் இங்கேயே எழுதிவிட்டேன்.