மரியாதைக்கு முதல் பொருள்

இன்று காலை கம்பெனியில் என்னை ஒரு அறிவிப்பு எழுதித் தரச் சொன்னார்கள். பார்க்க வருகிறவர்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று இரண்டே வரி. தமிழ் தெரிந்தவன் என்று என்னை இன்னும் நம்புகிறார்கள், பாவம். சின்ன ‘ரி’யா பெரிய ‘றி’யா என்று திடீரென்று ஒரு சந்தேகம் வந்து அகராதியைப் பார்த்தேன். எழுத்து சரிதான். ஆனால் அந்தச் சொல் வடமொழியிலிருந்து வந்ததாம். அங்கே அதற்கு எல்லை, வரம்பு, கரை என்றெல்லாம் பொருளாம். பணிவும் வணக்கமும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. இதை உன்னிடம் சொல்லியிருந்தால், இதுக்கு ஒரு புஸ்தகம் வேணுமா என்று கேட்டிருப்பாய்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நீ லேத்தில் இருந்தாய், நான் ஸ்டோர்ஸில். வேலையில் சேர்ந்த அன்றே ஜன்னலில் தலையை விட்டு, “இன்னா மாமே, புச்சா?” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. தமிழில் பட்டம் வாங்கிய திமிர் வேறு. அப்புறம் பார்த்தால் மேனேஜரையே ‘நீ சாப்ட்டியா’ என்று விசாரிக்கிற ஆள் நீ. ‘நீங்க’ என்ற சொல்லே உன் வாயில் வராது. வெள்ளானூரில் உன் வீட்டில் பெற்ற அப்பாவையும் அப்படித்தான் கூப்பிட்டாய், அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். கொஞ்ச நாளில் எனக்கும் அது பழகி, வீட்டுக்கு வந்தும் அதே வாயோடு பேசி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் மகளின் நிச்சயதார்த்தம் பூந்தமல்லியில் ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. நாற்காலி இழுத்துப் போட்டது, பந்தியில் ஓடியது எல்லாம் நீதான். மாப்பிள்ளையின் பெரியப்பா பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவர் பக்கத்தில் நான் கைகட்டி நிற்கும்போது தூரத்திலிருந்தே கத்தினாய்: “யோவ் மாமே, இன்னா கல்லு மாதிரி நின்னுகினு கீற? பெர்சுக்குத் தண்ணி குட்த்தியா?” பெரியப்பா புருவத்தைத் தூக்கினார். சம்பந்தம் கலைந்துவிடுமோ என்று எனக்கு உதறல். எல்லோர் முன்னாலும் உன்னைப் பார்த்து, “மரியாதையா பேசு” என்றேன்.

நீ தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டாய். கலியாணம் நல்லபடி நடந்தது. பெரியப்பா அதற்கு முன்பே எல்லாவற்றையும் மறந்துபோயிருந்தார்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக, நானே மரியாதையைக் காட்டி உனக்குக் கற்றுக்கொடுப்பதாக ஒரு நினைப்பு எனக்கு. நிச்சயதார்த்தம் முடிந்த திங்கட்கிழமை நீ ஸ்டோர்ஸ் ஜன்னலுக்கு வந்தபோது, “சொல்லுங்க, என்ன வேணும்?” என்றேன். நீ திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாய். யாருமில்லை.

“மருவாத குட்த்தே என்னிய வெட்டி உட்ற, இல்ல?” என்றாய்.

அதோடு சரி. இரண்டு வருஷம் வாங்க, போங்க என்று ஒழுங்காகப் பேசினேன். ஒருவரும் குறை சொல்ல முடியாது. அந்த இரண்டு வருஷத்தில் நீ என்னை மாமே என்றும் கூப்பிடவில்லை, வேறு எப்படியும் கூப்பிடவில்லை. சாமான் பெயரை மட்டும் சொல்லி வாங்கிப் போனாய்.

நீ உடம்பு முடியாமல் படுத்துவிட்டாய் என்று தெரிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். என் வீடு இருக்கும் காட்டுப்பாக்கத்திலிருந்து வெள்ளானூர் வரை இரண்டு பஸ்ஸிலும் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்: எப்படிடா கீற, எப்படிடா கீற. பக்கத்தில் இருந்தவர் என் உதட்டைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து உன் குரல் வந்தது.

“வாங்க சார். உக்காருங்க.”

கிண்டலாக இருக்கும் என்று உன் முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே சொன்னாய். “உடம்பு எப்படி இருக்குங்க?” என்று என் வாய் கேட்டது. அரைமணி நேரம் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் மிக நாகரிகமாகப் பேசிக்கொண்டோம். உன் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வரேங்க என்று சொல்லிக் கிளம்பினேன். அடுத்த ஞாயிறு நீ இல்லை.

இதில் உன்னை நீ, நீ என்று இத்தனை தரம் எழுதிவிட்டேன். கை கூசவில்லை. அன்றைக்குச் சொல்ல வேண்டியிருந்ததும் இந்த ஒரே ஒரு எழுத்துதான்.