பொன்னிக்கு யார் டிக் போட்டது

18.06.2007, திங்கள்
விழுப்புரத்தில் மூன்று நாள் பயிற்சி முடிந்து இன்று பள்ளிக்குப் போனேன். இனி ஆசிரியரும் பிள்ளைகளோடு பாயில்தான் உட்கார வேண்டும். புத்தகத்துக்குப் பதில் அட்டைகள். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையைத் தானே எடுத்துப் படிக்கும். பக்கத்துப் பிள்ளைக்காகக் காத்திருக்காது. வருகையைக்கூட, சுவரில் தொங்கும் அட்டவணையில் தன் பெயருக்கு நேரே டிக் போட்டுத் தானே பதிந்துகொள்ளும். பதினேழு வருடமாக நான் பார்த்த வேலையில் பாதியைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். மீதிப் பாதி என்ன என்று பயிற்சியில் கேட்டேன். "வழிகாட்டுறதுங்க மேடம்" என்றார் பயிற்சியாளர். என் முழங்கால் வலிக்கு அவரிடம் வழி ஏதும் இல்லை.

03.08.2007
மூன்றாம் வகுப்புச் சிறுமி தமிழ்மொழி என் பாய் ஓரமாக வந்து நின்றாள். "டீச்சர், நீங்க சும்மாதான குந்திக்கினு இருக்கீங்க? எங்க குரூப்புல ஒரு ஆளு கொறையுது, வாங்க." போனேன். சொல் விளையாட்டு. அவள் தோழி பொன்னி என்னைத் தோற்கடித்துவிட்டு, "பரவால்ல டீச்சர், அடுத்த வாட்டி பாத்துக்கலாம்" என்று தேற்றினாள்.

19.10.2007
நாளை லீவு என்பதால் இன்றே பள்ளியில் ஆயுத பூஜை. பள்ளிக்குக் கணினி வந்து ஒரு வருடம் ஆகிறது. மின் இணைப்புதான் இன்னும் வரவில்லை. உறையைக் கழற்றிச் சந்தனம் வைத்து, பொரி படைத்து, மறுபடி உறை போட்டோம்.

21.01.2008
பொங்கல் லீவு முடிந்தும் எட்டுப் பிள்ளைகள் வரவில்லை. திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். பொன்னியும் போய்விட்டாள். அவள் அம்மா குப்பம்மாள் போகுமுன் வந்து சொல்லிவிட்டுத்தான் போனாள்: "புள்ளய யாரு கிட்ட உட்டுட்டுப் போறது டீச்சர்? ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்கசொல்லோ வந்துருவோம்."

தலைமையாசிரியர் வெங்கடாசலம் சார் பதிவேட்டை என் பக்கம் தள்ளினார். "எட்டுப் பேரு பேரையும் அடிச்சா ஒரு போஸ்ட் போயிடும். ஜூனியர் யாருன்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். இந்தப் பள்ளியில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். எட்டுப் பேருக்கும் வருகை போட்டேன்.

24.01.2008
பதிவேட்டில் எல்லாரும் வந்திருக்கிறார்கள். சுவர் அட்டவணையில் எட்டு வரிசை வெறுமையாகக் கிடக்கிறது. தமிழ்மொழியைக் கூப்பிட்டு, "பொன்னிக்கு ஒரு டிக் போட்டுடு" என்றேன்.

"அவங்கவங்க டிக்க அவங்கவங்கதான் போடணும்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க?"

சொன்னேன்தான். பிள்ளைகள் போன பிறகு நானே எட்டு டிக் போட்டேன். அவர்கள் கையெழுத்து மாதிரியே தெரியட்டும் என்று கோணல்மாணலாக. நாற்பத்திரண்டு வயதில்!

25.01.2008
காலையில் அட்டவணையைப் பார்த்ததும் ஒரே கூச்சல். "பொன்னி வந்துட்டா!" கழிப்பறைப் பக்கம், புளியமரத்துக்குப் பின்னால், சமையல்கூடத்தில் என்று எல்லா இடத்திலும் தேடினார்கள். நான் தலை நிமிரவே இல்லை. மதியம் தமிழ்மொழி தன் பக்கத்தில் இன்னொரு தட்டு வைத்து, அதில் சோறும் முட்டையும் வாங்கி வைத்திருந்தாள். யாருக்கு என்று கேட்டேன்.

"பொன்னிக்கு. டிக் போட்டிருக்காளே டீச்சர். வருவா."

மணியடிக்கும் வரை அந்தத் தட்டை யாரும் தொடவில்லை. எனக்குச் சோறு எறங்கல. என்ன பொழப்புடி இது பிரபா?

28.01.2008
இன்று முதல் சுவரில் நான் எதுவும் போடுவதில்லை. பதிவேட்டில் மட்டும் போடுகிறேன். பாதி யோக்கியம்.

13.02.2008
ஒன்றியத்திலிருந்து அலுவலர் சீனுவாசன் பார்வைக்கு வந்தார். பதிவேட்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பொன்னி யாரும்மா?" என்று பிள்ளைகளிடம் கேட்டார்.

"சூளைக்குப் போயிருக்கு சார்" என்றாள் தமிழ்மொழி. "நடுவுல ஒரு நாள் வந்து டிக் மட்டும் போட்டுட்டுப் போயிடுச்சு. நாங்க யாரும் பாக்கல."

வெங்கடாசலம் சார் கூரையைப் பார்த்தார். நான் எழுந்து, "அது நான் போட்டது சார். பதிவேட்டுல இருக்கிறதும் பொய்தான்" என்றேன். மெமோ கொடுப்பார் என்றுதான் நினைத்தேன்.

அலுவலர் பயந்தது வேறு எதற்கோ. "மெல்லப் பேசுங்க டீச்சர். பள்ளிக்கு வராத பிள்ளை ஒண்ணுகூட இல்லன்னு போன மாசம்தான் ரிப்போர்ட் போயிருக்கு. மொதல்ல அந்த அட்டவணைய ஜல்தியா கழட்டுங்க. ரெண்டும் ஒத்துப்போவணும், அவ்ளோதான்."

14.02.2008
அலுவலர் சொன்னபடி இரண்டையும் ஒத்துப்போகச் செய்துவிட்டேன். பதிவேட்டில் எட்டுப் பேருக்கும் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்'. அட்டவணை சுவரிலேயே இருக்கிறது.

"பேஜாரு பண்ணிட்டீங்களே டீச்சர்" என்றார் வெங்கடாசலம் சார். பேனாவை மூடி அவரிடமே கொடுத்தேன்.

09.06.2008
ஆணை வந்துவிட்டது. எட்டுப் பேர் பெயரும் அடிபட்டு மாணவர் எண்ணிக்கை குறைந்ததால் நான் 'உபரி ஆசிரியர்'. மரக்காணம் பக்கம் ஒரு பள்ளி. நான் குடியிருக்கும் திண்டிவனத்திலிருந்து இரண்டு பஸ். சிவப்பு மையைத் தொட்ட அன்றே தெரிந்ததுதான்; ஆனாலும் அழுதேன்.

12.06.2008
எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்!

பொன்னி கறுத்து, இளைத்து, உள்ளங்கை காய்த்துப் போயிருந்தாள். என்ன எதுவென்று யாரிடமும் கேட்கவில்லை. நேராக அலமாரிக்குப் போய், ஜனவரியில் விட்ட அதே அட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் பழைய வகுப்பாக இருந்தால், ஐந்து மாதப் பாடம் போச்சு என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருப்பேன். அப்படி எத்தனை பேரை வைத்தேனோ.

"நாலு மாசம் வாய மூடிக்கினு இருந்திருந்தா போஸ்ட்டும் இருந்திருக்கும், புள்ளைங்களும் இருந்திருக்கும்" என்றார் வெங்கடாசலம் சார். உண்மைதான். குறை சொல்கிற மாதிரி அவர் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

13.06.2008
கடைசி நாள். தமிழ்மொழியும் பொன்னியும் பஸ் நிறுத்தம் வரை வந்தார்கள்.

"வேற ஊருக்கா டீச்சர் போறீங்க? சூளைக்கா?" என்று கேட்டாள் பொன்னி.

"இல்லடி. வேற பள்ளிக்கூடத்துக்கு."

"எத்தினி மாசம் கழிச்சு வருவீங்க?"

ஒரு நாளும் நேரத்துக்கு வராத பஸ் அப்போது வந்துவிட்டது.